பச்சைக் காம்பு

அத்தியாயம் 9

துப்பறியும் லம்சீரா போடும் காபியை அவள் உதவியாளன் முர்மான் பதினொரு வருஷமாகப் பாராட்டி வருகிறான். ஒரு நாள்கூட முழுசாகக் குடித்ததில்லை. இன்றும் ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கி, "பிரமாதம்க்கா" என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் திராட்சைக் கொடியின் வேரில் கவிழ்த்தான். இரண்டு மாதமாக மழையையே பார்க்காத, கிழக்குப் பக்கத்து ககேத்தி மண் அதையும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டது. கொடிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவனுக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

காலை ஏழு மணி. அதற்குள் வெயில் பிடரியைச் சுட்டது. லம்சீரா மூன்று நிமிஷத்தில் நான்காவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்குத் தீர்ப்பு" என்றாள்.

"தெரியும்க்கா. நேத்து ராத்திரியிலேர்ந்து மணிக்கூண்டு மாதிரி சொல்லிட்டே இருக்கீங்க."

"இருபத்தெட்டு மணி நேரம்."

"இருபத்தேழே முக்காலுதான். காபி குடிச்ச நேரத்தைக் கழிச்சிருங்க."

வழக்கு சுருக்கமானது. இரண்டு வருஷத்துக்கு முன், தொண்ணூற்றேழு அறுவடையின்போது, திராட்சைத் தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்று அண்ணன் ஷால்வாவும் தம்பி ரமாஸும் சண்டை போட்டார்கள். அண்ணன் மண்வெட்டியை ஓங்கியதை இரண்டு பேர் பார்த்தார்கள். அன்றைக்கு மறைந்த தம்பியை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மறு கோடையில் அலசானி ஆறு வற்றியபோது அவன் மேல்சட்டை தோளில் கிழிந்தபடி சேற்றில் கிடைத்தது. தம்பியைக் கொன்று ஆற்றில் போட்டதாக ஷால்வா உள்ளே போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அவன் மனைவி மக்வாலா கல்யாண வளையலை விற்று, தலைநகர் திபிலிசிக்கு வந்து, லம்சீராவின் கதவைத் தட்டியது போன வாரம்தான்.

மக்வாலா அவர்களை ஒயின் அறைக்குள் அழைத்துப் போனாள். தடித்த கல் சுவர், உள்ளே குளுகுளுவென்று இருட்டு. தரையில் எட்டுத் தாழிகள் கழுத்துவரை புதைந்திருந்தன. மூலையில் ஒரு தாழியின் மூடி களிமண் பூசி இறுகியிருந்தது. அதற்குப் பக்கத்துத் தாழியில் இந்த வருஷத்துச் சாறு இன்னும் பொங்கி அடங்கவில்லை.

"இது ரெண்டும் யாருது?" என்றாள் லம்சீரா.

"ரமாஸோடது. ஜெயில்லேர்ந்து அவரு சொல்லி அனுப்பினாரு. அவன் பங்குத் தோட்டத்துப் பழத்தைத் தனியா மிதி, அவன் செய்யற மாதிரியே காம்பு, தோலு எல்லாத்தோடயும் ஊத்து, மூடி வை, நான் சொல்லாம திறக்காதேன்னு. போன வருஷமும் செஞ்சேன், இந்த வருஷமும் செஞ்சேன்."

"கோர்ட்டுல இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். செஞ்ச பாவம் உறுத்துது, அதான்னு அரசாங்க வக்கீல் சிரிச்சாரு."

லம்சீரா குனிந்து களிமண் மூடியைத் தொட்டாள். "செத்தவனுக்கு ஒயினை ரொட்டியில ஊத்துவோம், மண்ணுல ஊத்துவோம். தாழியில ஊத்தி வைக்கறது வந்து குடிக்கப் போறவனுக்கு. உங்க வீட்டுக்காரர் கொலை பண்ணலை. தம்பி உயிரோட இருக்கான்னு அவர் நம்பறார்."

மக்வாலா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் இதை யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நம்பிக்கையை நீதிபதி மேசையில வைக்க முடியாதேக்கா" என்றான் முர்மான்.

"அதனாலதான் ஆளையே வைக்கணும்." லம்சீரா மக்வாலாவிடம் திரும்பினாள். "சமீபத்துல வித்தியாசமா ஏதாவது? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

மக்வாலா யோசித்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சுர்ச்சேலாவை எடுத்து வந்தாள். நூலில் கோத்த கொட்டைப் பருப்பைக் கொதிக்கும் திராட்சைக் கூழில் தோய்த்துத் தோய்த்துக் காய வைக்கிற தின்பண்டம்தான். ககேத்தியில் அறுவடை மாதத்தில் உத்தரம் இருக்கிற இடமெல்லாம் அது தொங்கும்.

"பத்து நாள் முன்னாடி மாமனார் சமாதிக் கம்பியில மாட்டியிருந்தது. சமாதியில வெச்சதைத் தூக்கிப் போடக் கூடாதேன்னு எடுத்து வெச்சேன். யாரோ வழிப்போக்கர்னு நினைச்சேன்."

லம்சீரா அதை ஒடித்தாள். உள்ளே இந்தப் பக்கத்து வழக்கமான வால்நட் இல்லை. சின்னச் சின்ன ஹேசல் கொட்டை. மேல் கூழைச் சுரண்டி நாக்கில் வைத்து, மிச்சத்தை முர்மானிடம் நீட்டினாள்.

முர்மான் மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே, இமெரேத்தியில் பிறந்தவன். ஒரு கடி கடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "சோள மாவு! அக்கா, இது எங்க ஊரு சரக்கு. இங்க கோதுமை விளையுது, கோதுமை மாவைப் போடறீங்க. எங்க ஈரத்துல கோதுமை எங்க வரும்? எங்களுக்கு எல்லாமே சோளம்தான்."

"இதை மாட்டினவன் மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கான். செத்துப்போன அப்பாவுக்கு அங்கேர்ந்து மகனைத் தவிர வேற யாரு கொண்டு வருவான்? வண்டியில ஏறு."

"காலைச் சாப்பாடு?"

"கையில சுர்ச்சேலா இருக்கே."

லம்சீரா ஓட்டினால் அந்தப் பழைய நீவா வண்டியே பயந்துகொண்டு ஓடும். திபிலிசியைத் தாண்டும்வரை ஜன்னல் வழியாகத் தூசி வந்து பல்லில் கடிபட்டது. அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடியே இருந்தன. முர்மான் இரண்டு தடவை பாட ஆரம்பித்து, இரண்டு தடவையும் அவள் பார்த்த பார்வையில் நிறுத்தினான். ரிக்கோட்டி மலைச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது வெயில். வெளியே வந்தபோது மழை.

"வீட்டுக்கு வந்தாச்சு" என்று முர்மான் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டான். "எங்க ஊர்ல சூரியன் விருந்தாளி மாதிரி. வந்தா கொண்டாடுவோம், வரலைன்னா கோவிச்சுக்க மாட்டோம்."

"அதான் உங்க ஊர்ல யாரும் எதையும் நேரா சொல்றதில்லையா? நனைஞ்சு நமுத்துப்போன பேச்சு."

"உங்க ககேத்திக்காரங்க காய்ஞ்சு போயி வெடுக்குனு ஒடிவீங்க. எங்களை யாரும் ஒடிக்க முடியாது."

சாலையோரக் கடையில் சோள ரொட்டி வாங்க நிறுத்தினார்கள். கடைக்காரி குளிர்பானப் பாட்டில்களில் ஒயின் விற்றுக்கொண்டிருந்தாள். வரிசையிலிருந்து தள்ளி, ஓரமாக, ஒரு பாட்டில் தூசியோடு நின்றது. முர்மானுக்கு அது பாவமாகத் தெரிந்தது. அதையே கேட்டு வாங்கி ஒரு மடக்குக் குடித்தான். அடுத்த நொடி மழையில் துப்பினான்.

"கடவுளே! எவனோ காம்போட போட்டிருக்கான்!"

லம்சீரா மெல்வதை நிறுத்தினாள். "என்ன சொன்னே?"

"காம்புக்கா. உங்க பக்கம் வெயில்ல கொத்துக் காம்பு பழுப்பா முத்திடும். பழத்தோட சேத்துப் போட்டா ஒயினுக்குப் பலம். எங்க மழையில காம்பு கடைசிவரைக்கும் பச்சை. போட்டா வேப்பங்காய்தான். இமெரேத்தியில பிறந்தவன் எவனும்..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பேரை மாத்திக்கலாம், தாடி வளத்துக்கலாம்" என்றாள் லம்சீரா மெதுவாக. "அப்பன் சொல்லிக் குடுத்த மாதிரி ஒயின் போடறதை மட்டும் விட முடியலை." கடைக்காரியிடம் திரும்பினாள். "இது யாரு குடுத்தது?"

"நிகோர்வேலிப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி வெச்சுட்டுப் போவா. வித்தா காசு, விக்கலைன்னா பரவாயில்லைம்பா. இதுவரைக்கும் ஒண்ணுகூட வித்ததில்லை, உங்க புண்ணியம்."

நிகோர்வேலியில் ஒரு மணி நேரம் வீணாய்ப் போனது. திபிலிசியில் பயணக் கம்பெனி தொடங்கியிருக்கிறோம், வெளிநாட்டுக்காரர்களை முதல் நாள் ககேத்தி, மறுநாள் இமெரேத்தி என்று சுற்றிக்காட்டப் போகிறோம், இங்கே யார் வீட்டு ஒயின் நன்றாக இருக்கும் என்று கேட்டது தப்பு. பதினான்கு வீடு கைதூக்கியது. ஐந்து வீட்டில் முர்மான் குடித்தே ஆகவேண்டியதாயிற்று. சமாதானத்துக்கு ஒரு கோப்பை, முன்னோருக்கு ஒரு கோப்பை, கம்பெனிக்கு ஒரு கோப்பை. ஐந்தாவது வீட்டில் இல்லாத கம்பெனிக்கு அவனே மேலாளர் ஆகிவிட்டான்.

"கேள்வியை மாத்து" என்றாள் லம்சீரா, கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே. மணி மூன்று. "யார் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு கேளு."

"எங்க ஆளுங்க சொல்ல மாட்டாங்களே!"

"நீ புரிஞ்சுக்கோ. அதுக்குத்தானே சம்பளம்?"

வேலியோரம் நின்ற பெசாரியோன் என்ற பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். "போகக் கூடாத வீடுன்னு எங்க ஊர்ல ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாம் தங்கமான வீடு." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "ஆனா மேலத் தெருவுல சேறு ஜாஸ்தி. வண்டி மாட்டிக்கும்."

"மேலத் தெருதான்க்கா" என்று முர்மான் காதோரம் மொழிபெயர்த்தான்.

மேலத் தெருவின் முதல் வீட்டுக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். இந்தத் தெருவில் வேறு யார் ஒயின் போடுகிறார்கள் என்று முர்மான் கேட்டான். "கடைசி வீட்டு நார்கிஸாவா? ரொம்ப நல்ல பொம்பளைங்க. புருஷன் போயி ஆறு வருஷம், ஒரு சொல்லுக்கு இடம் குடுத்ததில்லை."

"அவங்க வீட்டு ஒயின் எப்படி?"

"பூவேலை பிரமாதமா போடுவா."

"ஒயினைக் கேட்டேன்மா."

"அந்த வீட்டு நாயும் நல்ல நாய்தான்" என்றாள் அவள், கண்ணைச் சிமிட்டாமல்.

"போதும்" என்றான் முர்மான். "இதுக்கு மேல திட்ட எங்க ஊர்ல வார்த்தை கிடையாது."

நார்கிஸாவின் வீட்டில் ஒயின் அறை கிடையாது. இங்கே யாருக்கும் கிடையாது. முற்றத்து மரத்தடியில், திறந்த வானத்தின் கீழ், தாழிகள் புதைந்த மண்மேடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. தாழ்வாரத்தில் தாடிவைத்த ஒருவன், குடைந்த மரத்தொட்டிக்குள் நின்று பழம் மிதித்துக்கொண்டிருந்தான். நார்கிஸா ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண்மணி. கேள்வி ஒன்றும் கேட்காமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ஜெமால்னு நம்ம வீட்டு விருந்தாளி" என்றாள். "தோட்டத்தையும் பாத்துக்கறார்."

லம்சீரா தொட்டியிலிருந்து ஒரு கொத்தை எடுத்தாள். நசுங்கிய பழத்துக்கு நடுவே காம்பு புல்லுப்பச்சையாக இருந்தது.

"காம்பை எடுக்கலையா?"

"காம்பில்லாத ஒயின் என்ன ஒயின்? பழரசம்!" என்றான் அவன் பட்டென்று.

"யாரு சொன்னா?"

"எங்கப்பா."

"மலைக்கு எந்தப் பக்கத்து அப்பா?"

மிதித்த கால் நின்றது. நல்ல நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு ஓய்ந்தது. முர்மானுக்கு ஏறியிருந்த அரை போதையும் இறங்கிவிட்டது. அவன் மெதுவாக நகர்ந்து வாசல் படலுக்குக் குறுக்கே நின்றுகொண்டான்.

"ரமாஸ்" என்றாள் லம்சீரா. "நாளைக்குப் பதினொரு மணிக்கு உங்கண்ணனுக்குத் தீர்ப்பு. உன்னைக் கொன்னதுக்கு."

அவன் மறுக்கவில்லை. காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினான். வெள்ளையாக ஒரு நீளத் தழும்பு. "மண்வெட்டி. கூடப்பிறந்தவன் போட்டது. சட்டையைக் கழட்டி ரத்தத்தைத் துடைச்சு ஆத்துல வீசிட்டு பஸ் ஏறினேன். அவன் உள்ள இருக்கான்னு போன வருஷமே தெரியும். இருக்கட்டும். என்னைக் கொல்லத்தானே ஓங்கினான்?"

"அப்படின்னா அப்பா சமாதிக்கு ஏன் போனே?" லம்சீரா மிச்சச் சுர்ச்சேலாவை மேசைமேல் வைத்தாள். "மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும்?"

ரமாஸ் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது நடிப்பில்லாத குழப்பம். "நான் மலையைத் தாண்டியே ரெண்டு வருஷமாச்சு. இது நான் மாட்டினதில்லை."

லம்சீரா சட்டென்று நிமிர்ந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் கணக்கு தப்பி முர்மான் பார்த்தது இரண்டே தடவை. இது மூன்றாவது.

"முடிச்சைப் பாருங்கம்மா" என்றாள் நார்கிஸா. அதுவரை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பூவேலைக்காரி போடற முடிச்சு அது. திபிலிசியில அக்காவைப் பாக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறிப் போயி, நான்தான் மாட்டினேன். ககேத்திக்காரங்க ஒடிச்சுப் பாத்தா இது எந்தப் பக்கத்துதுன்னு தெரியுமேன்னு."

"நார்கிஸா!" என்றான் ரமாஸ்.

"அந்தக் கடையில ஒயின் வெச்சதும் நான்தான். என்னிக்காவது ஒருத்தராவது குடிச்சுப் பாத்துட்டு, இது யாரு போட்டதுன்னு கேக்க மாட்டாங்களான்னு. ஒரு வருஷம் ஆச்சு, நீங்கதான் முதல் ஆளு." வெட்டிய ரொட்டியை லம்சீரா பக்கம் நகர்த்தினாள். "விருந்தாளியைக் காட்டிக் குடுக்கற வழக்கம் எங்க வீட்ல இல்லைம்மா. போலீஸ்ல சொல்ல வாய் வரலை. உள்ள ஒரு மனுஷன் கிடக்கறானேன்னு தூக்கமும் வரலை. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

தான் அத்தனை கெட்டிக்காரத்தனமாகப் பிடித்த துப்பு இரண்டும் ஒரு பெண் எழுதிப் போட்ட கடிதம் என்று முர்மானுக்கு இப்போதுதான் உறைத்தது.

ரமாஸ் தொட்டியை விட்டு இறங்கினான். "நான் வர மாட்டேன். இழுத்துட்டுப் போக உங்களுக்கு அதிகாரம் இல்லை."

"இல்லைதான்" என்றாள் லம்சீரா. "ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க வீட்டு மூலையில ஒரு தாழி மூடியே இருக்கு. போன வருஷத்து உன் தோட்டத்துப் பழம். ஜெயில்லேர்ந்து உங்கண்ணன் சொல்லி அனுப்பிப் போட வெச்சது. யாரும் திறக்கக் கூடாதாம்."

ரமாஸ் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். "காம்போடயா?"

"காம்போட. தோலோட. நீ போடற மாதிரியே."

அவன் கண் கலங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினான். "எனக்கு இங்க பேரு இருக்கு. ஊரே என் ஒயினைக் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்லுது. அங்க போயி அந்த மண்வெட்டிக்காரன் முகத்துல முழிக்கணுமா?"

நார்கிஸா அவன் எதிரே வந்து நின்றாள். இமெரேத்தியில் பிறந்து வளர்ந்தவள், வாழ்நாளில் ஒருவரைப் பார்த்தும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறாள் என்பது முர்மானுக்கு அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"உன் ஒயின் கசக்குது" என்றாள்.

ரமாஸ் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"முதல் வருஷமும் கசந்துது. போன வருஷமும் கசந்துது. நான் குடிச்சுக் குடிச்சு நல்லா இருக்குன்னேன். ஊருல எல்லாரும் உன் முகத்துக்காகப் பொய் சொல்றாங்க. உன் பேருக்குப் பொய் சொன்னேன், உன் ஒயினுக்குப் பொய் சொன்னேன். ஒருத்தன் ஜெயில்ல சாகறதுக்கும் பொய் சொல்ல என்னால ஆகாது. ரெண்டு வருஷம் விருந்தாளியா வெச்சிருந்தேன், போன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. இப்பச் சொல்றேன். போ."

ரமாஸ் முர்மானைப் பார்த்தான். "நிஜமாவா?"

"நான் ரோட்லயே துப்பிட்டேன் அண்ணே" என்றான் முர்மான், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

ரமாஸ் சிரிக்கப் பார்த்தான், அது அழுகையாக வந்தது. கொடியில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டான். நார்கிஸா வழிக்கு ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். வண்டி திரும்பும்வரை படலைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள், கையசைக்கவில்லை.

சுரங்கப்பாதைக்குள் நுழையும்வரை மழை விடவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் சாலை காய்ந்திருந்தது, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஓடியபிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "நிறுத்துங்க."

லம்சீரா நிறுத்தினாள். அவன் இறங்கிச் சாலையோரத் தோட்டத்துக்குள் விறுவிறுவென்று நடந்தான். முர்மான் கதவில் கைவைத்தான், ஓடினால் பிடிக்கலாமா என்று கால் துடித்தது.

"விடு" என்றாள் லம்சீரா. அவள் விரல்கள்தான் ஸ்டியரிங்கில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

அறுவடையில் விட்டுப்போன கொத்து ஒன்று கொடியில் இருந்தது. ரமாஸ் பழத்தை உதிர்த்துவிட்டுக் காம்பை மட்டும் வாயில் போட்டு மென்றான். காய்ந்து முத்திய பழுப்புக் காம்பு. கொஞ்ச நேரம் அப்படியே நின்று மென்றுகொண்டிருந்தான். பிறகு திரும்பி வந்து வண்டியில் ஏறினான்.

லம்சீரா ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்தான். "என்னம்மா கண்றாவி இது?" என்றான்.

லம்சீரா திரும்பி முர்மானைப் பார்த்தாள். முர்மான் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"நாளைக்கு என்னை என்ன கேப்பாங்க?" என்றான் ரமாஸ்.

"பேரைக் கேப்பாங்க. சொன்னா போதும்."

அவன் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்தது. முதல் தடவை சத்தமே வரவில்லை.

"ரமாஸ் நத்ரோஷ்விலி" என்றான் இரண்டாவது தடவை. "ஷால்வாவோட தம்பி."